பொருந்தாத டீரெய்லரும் ஆலங்குளம் ஏற்றமும்

கியர் சைக்கிள் கடை நடத்துவது என்பது, பொருந்தாத இரண்டு சாமான்கள் பொருந்தாது என்பதை வாடிக்கையாளரின் மனம் நோகாமல் சொல்லும் தொழில். இதைப் படிப்பவர்களில் தையல்காரரோ மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரோ இருந்தால், என் நிலை அவர்களுக்கு உடனே விளங்கும்.

எட்டுக்கு எட்டு

திருத்தங்கலில் காலண்டர் அச்சகம் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், விருதுநகரில் உள்ள என் கடைக்குப் புது டீரெய்லர் ஒன்றை அட்டைப்பெட்டியோடு கொண்டுவந்தார். கைப்பிடியில் உள்ள லீவரைச் சொடுக்கினால், பின்னால் சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளிவிடும் கருவி அது. போன மாதம் சம்பந்தியுடன் ஆலங்குளத்துக்குப் புறப்பட்டவர், ஏற்றத்தில் சங்கிலி கழன்று, லோடு ஆட்டோவில் வீடு திரும்பியிருந்தார். சம்பந்தி சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி நடத்துபவர். அதிலிருந்து விசேஷ வீடுகளில் இவரைக் கண்டதும், “ஆட்டோ வெளிய நிக்குதா சம்பந்தி?” என்று நாலு பேர் முன்னால் கேட்கிறாராம். வரும் ஞாயிற்றுக்கிழமை அதே ஏற்றத்தை இறங்காமல் ஏறிக் காட்டியாக வேண்டும்.

அவருடைய லீவர் ஒரு கம்பெனியுடையது, டீரெய்லர் வேறொன்றுடையது. ஒரு சொடுக்குக்கு லீவர் இழுத்துத் தரும் கேபிள் இந்த டீரெய்லருக்குப் போதாது, ஆகவே சங்கிலி பாதி வழியிலேயே நின்றுவிடும் என்று விளக்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ரெண்டுலயும் எட்டு கியருன்னுதானே போட்டிருக்கு தங்கச்சி. எட்டுக்கும் எட்டுக்கும் என்ன சண்டை?”

ஆறப்போட்ட சைக்கிள்

அச்சகத்தில் வைத்து அவரே மாட்டிவிட்டார். நான்கு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுகிறதா என்று பார்க்கும் லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு திருகாணியைத் திருப்பியிருக்கிறார். முதல் கியரைச் சேர்த்தால் ஐந்தாவது விலகியது. ஐந்தாவதைச் சேர்த்தால் முதலாவது விலகியது. ஒவ்வொரு சொடுக்கிலும் கூடிக்கொண்டே போகும் குறை திருகாணியால் தீராது. ஆனால் அச்சுத் தொழிலில் தாளின் தலைப்பக்கம் வண்ணங்கள் சேர்ந்து வால்பக்கம் விலகினால், தாள் ஈரம் இழுத்திருக்கிறது என்று பொருள். அந்தத் தாளை ஏசி அறையில் ஆறப்போடுவது அவர்கள் வழக்கம்.

வியாழக்கிழமை சைக்கிளோடு வந்து நின்றார். “ரெண்டு நாளா பேப்பரோட பேப்பரா ஏசி ரூம்ல நிறுத்திப் பாத்துட்டேன் தங்கச்சி. கேபிள் இன்னும் ஆறல.”

ஒரே கியர்

பழைய டீரெய்லரை மாட்டலாமென்றால், அதைக் கழிவுத்தாளோடு எடைக்குப் போட்டிருந்தார். பொருத்தமான லீவர் பார்சலில் வந்துசேர அடுத்த வாரம் ஆகும். சம்பந்தியிடம் தேதி மாற்றச் சொல்லலாமே என்றேன். அதற்கு அவர் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர இயலவில்லை.

வேறு வழியின்றி, ஏற்றத்துக்கு உகந்த பெரிய பல்சக்கரத்தில் சங்கிலியை நிறுத்தினேன். கேபிளை லீவரிலிருந்து பிரித்து, இழுத்து, சைக்கிள் சட்டத்தோடு இறுக்கிக் கட்டினேன். இனி லீவரை என்ன சொடுக்கினாலும் எதுவும் நகராது, சமதளத்தில் மெதுவாகத்தான் போக முடியும் என்று எச்சரித்தேன்.

அண்ணாச்சி லீவரைத் தட்டிப் பார்த்தார். “சத்தம் வருதுல்லா, அது போதும். மேட்டுல நாலு சொடுக்கு சொடுக்கிக்கிடுறேன். சம்பந்தி காதுல விழணும்ல.”

சம்பந்தியின் ஆர்டர்

திங்கட்கிழமை காலை கடை திறந்தபோது, பட்டாசுக் கம்பெனிச் சம்பந்தியே வாசலில் நின்றுகொண்டிருந்தார். சமதளத்தில் அண்ணாச்சி கால்களை வெகுவேகமாகச் சுழற்றியும் மெதுவாகவே போனாராம். இவர் மரியாதைக்காக முந்தவில்லையாம். ஏற்றத்தில் அண்ணாச்சி இறங்கவே இல்லை. இவருக்கோ பாதி மேட்டில் கியர் மாற்றும்போது சங்கிலி கடகடத்து, காலை ஊன்ற வேண்டியதாயிற்று.

அண்ணாச்சியின் மானம் என் வாயில் இருந்ததால் நான் கல்லாப்பெட்டியைத் துடைக்கத் தொடங்கினேன். சம்பந்தியே தொடர்ந்தார்: “பின்னாடியே பாத்துக்கிட்டு வந்தேன்மா. அவரு சொடுக்குறாரு, சொடுக்குறாரு, சங்கிலி அசையிறதே கண்ணுக்குத் தெரியல. அம்புட்டு நைஸான சாமான். வேற எதுவும் சொல்லாதீக, எனக்கும் அதையே மாட்டிருங்க.”

நான் அளவு பார்த்துச் சரியாகப் பொருத்திக் கொடுத்த டீரெய்லர்களைக் கண்டு, அதைப்போல் தமக்கும் ஒன்று வேண்டுமென்று இன்றுவரை ஒருவரும் கேட்டு வந்ததில்லை.