பாதியைக் கழித்துக் கேளுங்கள்

எண்பதுகளில் நான் கிள்ளானில் ஓர் அரசாங்கக் கிளினிக்கில் தாதியாக இருந்தேன். புதிய டாக்டர்களுக்கு அப்போது ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். பல இன நோயாளிகளை எப்படிப் புரிந்துகொள்வது என்பது தலைப்பு. ஒவ்வோர் இனத்தைப் பற்றியும் அந்த இனத்தவர் ஒருவர் பேச வேண்டும். இந்தியர்களைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டார்கள்.

எனக்கு என்ன தெரியும்? அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ரயில்வே கிராணி, அதாவது குமாஸ்தா. நான் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். ரப்பர் தோட்டத்துத் தமிழர்களை எங்கள் வீட்டில் "அந்தச் சனம்" என்போம். அதே நினைப்போடுதான் மேடை ஏறினேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ மிஸ்ஸி, சாகப்போறேன்!" என்று அவர்களைப் போல நடித்துக் காட்டினேன். "இவர்கள் வலி என்று சொன்னால் பாதியைக் கழித்துக் கேளுங்கள்" என்றேன். மண்டபமே சிரித்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

சில மாதங்கள் கழித்து, மருந்து வாங்கும் வரிசையில் ஓர் அம்மாவைப் பார்த்தேன். போர்ட் கிள்ளானிலிருந்து பஸ் பிடித்து வந்தவர். ஜாக்கெட் வேர்வையில் நனைந்திருந்தது. இடது கையைத் தேய்த்துக்கொண்டே நின்றார்.

"என்னம்மா செய்யுது?"

"நெஞ்சுல சூடு ஏறுது மிஸ்ஸி. கையெல்லாம் கடுக்குது. டாக்டரு காஸ்தான்னு சொல்லிட்டாரு லா."

சீட்டை வாங்கிப் பார்த்தேன். வாயு மாத்திரை எழுதியிருந்தது. அவரை உட்காரவைத்துவிட்டு டாக்டர் அறைக்கு ஓடினேன். அன்று பயிற்சியில் முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்த இளைஞர் ஒருவர்தான் அங்கே இருந்தார். இது மாரடைப்பாக இருக்கலாம் என்றேன். அவர் சிரித்தார். கேலி இல்லை, நட்பான சிரிப்பு.

"சிஸ்டர், நீங்கள்தானே பாதியைக் கழிக்கச் சொன்னீர்கள்?"

அவரிடம் வாதாட எனக்கு என்ன தகுதி? "நான் சொன்னது தப்பு. வந்து பாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். வந்தார். அந்த அம்மாவின் நாடியைப் பிடித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

பிழைத்துக்கொண்டார். அடுத்த மாதம் ஒரு டப்பா முறுக்கோடு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்க நம்ம ஆளுங்கறதால கண்டுபிடிச்சீங்க மிஸ்ஸி." கையை இழுத்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. என் கை அத்தனை அசிங்கமாகத் தெரிந்தது. உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. முறுக்கை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த பயிற்சிக்கும் என்னையே கூப்பிட்டார்கள். போன தடவை பேசியதை எல்லாரும் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்றார் பயிற்சியை நடத்தும் அதிகாரி. போனேன். நடிப்பு எதுவும் இல்லாமல் நடந்ததை நடந்தபடி சொன்னேன். "சூடு என்றால் என்ன, எங்கே, எப்போதிலிருந்து என்று கேளுங்கள். உட்காரவைத்துக் கேளுங்கள்" என்றேன். ஒருவரும் குறிப்பெடுக்கவில்லை. தேநீர் வேளையில் அதிகாரி என் பக்கம் வரவே இல்லை.

அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் என்னோடு படித்த ஒருத்தியைப் பிடித்தார்களாம். நன்றாகச் சிரிக்கவைத்தாள் என்று கேள்விப்பட்டேன்.