கண்ணாடியில் எட்டு விளக்கு

கிரிக் இராணுவச் சாவடிக்கு ஒன்பது மோட்டார் சைக்கிள் வந்து சேர்ந்தது. காலையில் கோத்தா பாருவிலிருந்து நாங்கள் கிளம்பியதும் ஒன்பதுதான். ஆனாலும் எங்களில் ஒருவன் இல்லை. இல்லாதவன் என் தங்கை புருஷன் செல்வம்.

பினாங்குப் பாலம் திறப்பதற்கு முந்தைய வருஷம் அது. முருகன் எனக்குச் செய்ததை நம் கோயில் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் பாதியைத்தான் சொன்னேன். மீதியையும் இன்று எழுதிவிடுகிறேன்.

அப்போது நான் பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். சனி ஞாயிறு வந்தால் மோட்டார்தான். சூலியா தெருவில் ஒரு தேநீர்க் கடையில் கூடுகிற பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து கிளப் வைத்திருந்தோம். பயணங்களுக்கு நான்தான் தலைவன். எங்கே பெட்ரோல் போடுவது, எங்கே சாப்பிடுவது, யார் முன்னே, யார் பின்னே, எல்லாம் நான் சொன்னபடிதான். "ஜெனரல் கிளம்பிட்டாரு" என்று என் மனைவி கேலி செய்வாள். எனக்கு அது உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

கூட்டமாகப் போகும்போது பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் ஓட்டுவோம். முன்னால் போகிறவன் கண்ணாடியில் விளக்குகளை எண்ணிக்கொண்டே போவான். எனக்குப் பின்னால் எட்டு தெரிந்தால் எல்லோரும் வருகிறார்கள் என்று அர்த்தம். கடைசியில் வருகிறவன் எப்போதும் செல்வம். யார் விழுந்தாலும் அவன் கண்ணில் படும். அவனே விழுந்தால் பார்க்க ஆளில்லை. அதற்காக நானே ஒரு விதி போட்டிருந்தேன். கோத்தா பாரு ரோட்டில் பாதி வழியில் உள்ள ஏரிப் பாலத்தில் எல்லோரும் நிற்க வேண்டும், ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டும், முகத்தைப் பார்த்த பிறகுதான் நகர வேண்டும்.

கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை அப்போது புதுசு. இரண்டு பக்கமும் பெருங்காடு. காட்டுக்குள் யானை இருந்தது, கம்யூனிஸ்ட் துப்பாக்கிக்காரர்களும் இருந்தார்கள். அதனால் இரண்டு முனையிலும் இராணுவச் சாவடி. ஆறு மணிக்குக் குறுக்குக் கட்டையை இறக்கிவிடுவார்கள். உள்ளே இருக்கிற வண்டி வெளியே வரலாம். வெளியே இருப்பவன் விடியும்வரை உள்ளே போக முடியாது.

கோத்தா பாரு போய்விட்டு பினாங்குக்குத் திரும்புகிற அன்று காலையே வானம் கறுத்துக்கிடந்தது. செல்வம் என் பக்கத்தில் வந்து, "மச்சான், மழை பெருசா வரும் போல. ஒரு நாள் லீவு போட்டுட்டு நாளைக்குப் போவோம் லா" என்றான்.

"பயமா இருந்தா நீ பஸ்ல வா" என்றேன், எல்லோரும் கேட்கும்படி. அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கடைசியில் போய் நின்றுவிட்டான். என் தங்கை பரமேஸ்வரி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி.

காட்டுக்குள் நுழைந்து அரை மணி நேரத்தில் மழை கொட்டியது. பிறகு மூட்டம் இறங்கியது. பத்தடிக்கு மேல் ரோடு தெரியவில்லை. ஒரு வளைவில் ரோட்டின் நடுவே யானைச் சாணம் கிடந்தது. அதிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. அதற்கப்பால் ஓர் இளமரம் முறிந்து வெள்ளையாகக் கிடந்தது. எல்லோரும் சத்தமில்லாமல் அதைச் சுற்றிக்கொண்டு போனோம்.

கண்ணாடியில் எண்ணினேன். ஏழு. கொஞ்ச தூரம் மெதுவாகப் போனேன். எட்டாவது வந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். பாலம் வந்தபோது மணி நாலே முக்கால் தாண்டியிருந்தது. நின்றால் ஆறு மணிக்குள் சாவடி சேர முடியாது என்று தோன்றியது. கையை உயர்த்தி, நிற்காமல் வாருங்கள் என்று சைகை காட்டினேன்.

சாவடியில் எல்லோரும் விளக்கை அணைத்து ஹெல்மெட்டைக் கழற்றினோம். கடைசி மோட்டாரிலிருந்து இறங்கியவர் ஒரு வயதான மலாய்க்காரர். ரப்பர் ஷீட்டை உடம்பில் சுற்றியிருந்தார். எங்களைப் பார்த்துக் கும்பிடாத குறையாக நன்றி சொன்னார். தனியாகப் போனால் யானை வரும் என்று பயந்து வழியில் எங்களோடு ஒட்டிக்கொண்டாராம். எங்கே சேர்ந்தீர்கள் என்று கேட்டேன். பாலத்துக்கு ரொம்ப முன்னாலேயே என்றார்.

செல்வத்துக்கு முன்னால் வந்த மணியத்தின் முகம் வெளுத்துவிட்டது. "எனக்குப் பின்னால விளக்கு வந்துச்சு அண்ணே. அவன்தான்னு நினைச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

நான் மோட்டாரைத் திருப்பினேன். அதற்குள் ஆறு மணியாகிக் கட்டை இறங்கியிருந்தது. காவல் நின்ற இராணுவ வீரன் கையை நீட்டித் தடுத்தான். "தாக் போலே, பாங்." முடியாது என்றான். கெஞ்சினேன். கத்தினேன். அவனும் பாவம், வயர்லெஸ்ஸில் பேசிப் பார்த்தான். விடிந்த பிறகுதான் ஆள் போகும் என்று பதில் வந்தது. காட்டுக்குள் இருட்டு வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே எங்கோ மரம் முறிகிற சத்தம் கேட்டது. பரமேஸிடம் என்ன சொல்வது? உன் புருஷனை விட்டுவிட்டு வந்தேன், எண்ணிக்கை மட்டும் சரியாக இருந்தது என்றா?

ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு மந்திரம் எதுவும் வாயில் வரவில்லை. "முருகா, இத்தனை வருஷம் தண்ணீர்மலைக் கோயில் படியேறி எனக்கென்றே கேட்டேன். இன்றைக்கு என் தங்கைக்காகக் கேட்கிறேன். அவனைக் கொண்டுவா. எப்படிக் கொண்டுவருவாயோ எனக்குத் தெரியாது." இதையே சொல்லிச் சொல்லி அழுதேன்.

ஏழு மணி சுமாருக்கு உள்ளிருந்து மரம் ஏற்றிய ஒரு லாரி வந்தது. அன்றைக்குக் கடைசி வண்டி. ஓட்டியவர் ஒரு சீனர். அவர் பக்கத்தில், சாக்குப்பையைப் போர்த்திக்கொண்டு, செல்வம்! கால் முறிந்திருந்தது. உடம்பெல்லாம் சேறு. ஆனால் உயிர் இருந்தது.

லாரிக்காரர் நடந்ததை மலாயில் சொன்னார். ஒரு வளைவில் யானை ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றதாம். பயத்தில் விளக்கை அணைத்து, எஞ்சினையும் அணைத்திருக்கிறார். மழையும் விட்டிருந்தது. அந்த அமைதியில் கீழே பள்ளத்திலிருந்து விட்டுவிட்டு ஒரு ஹார்ன் சத்தம். மோட்டாருக்கு அடியில் கால் மாட்டிக்கொண்டு மூங்கில் புதரில் கிடந்த செல்வம் மணிக்கணக்காக அமுக்கிக்கொண்டிருந்தானாம். அதற்குள் நாலைந்து வண்டி அவனைத் தாண்டிப் போயிருக்கிறது. எஞ்சின் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. ஹார்ன் லாரிக்காரர் காதில் விழுந்த கொஞ்ச நேரத்தில் யானை தானாகக் காட்டுக்குள் இறங்கிவிட்டதாம்.

வள்ளி கதை நமக்குத் தெரியாததா? நான் கூப்பிட்டது தம்பியை. வந்தது அண்ணன். காட்டு ரோட்டில் யானை நிற்பது அதிசயமா என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். அத்தனை மைல் ரோட்டில் அது அந்த வளைவில் ஏன் நின்றது என்று நான் கேட்கிறேன்.

இனி மீதி. பாலத்துக்கு வருவதற்கு முன்பே கண்ணாடியில் நான் ஒன்றைக் கவனித்தேன். எட்டாவது விளக்கு சின்னதாக, மஞ்சளாக இருந்தது. செல்வத்தின் விளக்கு பெரிசு, வெள்ளை. மழையில் அப்படித் தெரிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனசுக்குத் தெரியும். நேரம் தவறாத தலைவன் என்ற பெயர் போய்விடுமே என்றுதான் நிற்காமல் வந்தேன். ஆஸ்பத்திரியில் செல்வம், "பாலத்துல ஏன் மச்சான் நிக்கல?" என்று கேட்டபோது மழையைக் காரணம் சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் நன்றிக்குப் பால்குடம் எடுத்தேன். அந்தப் பொய்யையும் சேர்த்தே மலைக்குச் சுமந்தேன்.

போன மாதம் அவன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பரமேஸும் பக்கத்தில்தான் இருந்தாள். செல்வம் தன் வளைந்த காலைத் தடவினான். பிறகு சொன்னான்: "நீ நின்னிருந்தா அந்த யானைக்கு வேலையே இருந்திருக்காது மச்சான்."

பரமேஸ் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது மூன்று பேருக்கும் தட்டு வைத்துச் சோறு போட்டாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். சாப்பிடுங்க அண்ணே என்று அவளே குழம்பை ஊற்றினாள். முருகன் அன்று காட்டில் கொடுத்ததைவிட இது பெரிசு.

இதைப் படிக்கிறவர்களே, உங்கள் மனசிலும் மஞ்சளாக ஒரு விளக்கு தெரிந்துகொண்டிருந்தால், இன்றைக்கே நின்று திரும்பிப் பாருங்கள். காலம் கடந்துவிட்டதென்றால் முருகனைக் கூப்பிடுங்கள். நிற்காமல் போன எனக்கே அவன் வந்தான். உங்களுக்கு வராமல் இருப்பானா?