சொல்லாமல் தொட்ட ராணி

விலைக்குப் போய்விட்டானாம் என் மகன்! கான்ட்ராக்டரிடம் வேலை வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விட்டுக்கொடுத்தானாம். மாடி வீட்டுக்காரி வாய் கூசாமல் சொல்கிறாள். அன்றைக்குச் செஸ் போட்டி நடந்த மண்டபத்துப் பக்கம் அவள் எட்டியாவது பார்த்தாளா? நான் பார்த்தேன். முன்வரிசையில், கால் மரத்துப்போக மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

என் மகன் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். இருபது வருஷமாக அதே வேலை. எதுவும் கோணலாக இருந்தால் அவன் விரல் சும்மா இருக்காது. சாப்பாட்டுத் தட்டைக்கூட மேஜை விளிம்புக்கு நேராகத் தள்ளிவிட்டுத்தான் கை வைப்பான். "உன் புருஷன் கட்டில்லயும் மட்டம் பாத்துத்தான் படுப்பான்" என்று மருமகளைக் கேலி செய்வேன்.

செஸ் போட்டியில் கடைசி ஆட்டம். எதிரே உட்கார்ந்தவர் இவனுக்கு வேலை கொடுக்கிற கான்ட்ராக்டர். இவன் ஜெயிக்கிற மாதிரிதான் இருந்தது. பின்னால் நின்றவர்கள் கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள். இவன் ஆட வேண்டிய முறை. கான்ட்ராக்டர் குனிந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவனுடைய ராணி கட்டத்தின் கோட்டை மிதித்துக்கொண்டு நின்றது. விரல் போய் அதை நடுவில் நிறுத்திவிட்டது.

போட்டியில் காயைச் சரிசெய்வதானால் வாயால் சொல்லிவிட்டுத் தொட வேண்டும். சொல்லாமல் தொட்டால் அந்தக் காயைத்தான் நகர்த்தியாக வேண்டும். நடுவர் பார்க்கவில்லை, கான்ட்ராக்டரும் பார்க்கவில்லை. இவனே மெல்லச் சொன்னான்: "சார், சொல்லாம தொட்டுட்டேன். ராணியைத்தான் நகர்த்தணும்." ராணி விலகியது. அது காவல் காத்த ராஜா நாலே நகர்த்தலில் மாட்டிக்கொண்டார். முன்வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது. எனக்குப் பின்னால் நின்றவர்கள் காதில் அந்தப் பேச்சு விழவில்லை; கண்ணில் பட்டது அவன் தோற்றது மட்டும்தான்.

"இப்படிப்பட்ட ஆளை நம்பி எதையும் விடலாம்" என்று மறுவாரமே கான்ட்ராக்டர் தான் கட்டுகிற ஆஸ்பத்திரியின் தரை வேலை முழுவதையும் இவனிடம் ஒப்படைத்தார். அவ்வளவுதான். கடைக்குப் போனால், "என்னப்பா, ராணி என்ன விலைக்குப் போச்சு?" என்பார்கள். வாங்கப் போனதை வாங்காமலே திரும்பி வருவான்.

ஒரு ராத்திரி சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான். "ஏன்டா, மனசுல இருக்கறதைச் சொல்லு. அவரு முன்னாடியே வேலை தர்றேன்னாரா?"

கேட்டது மாடி வீட்டுக்காரி இல்லை. நான்தான். கூடவே உட்கார்ந்து பார்த்த நான்.

"நீ முன்னாடிதானேம்மா உக்காந்திருந்தே" என்றான். கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டான்.

விடிந்ததும் ஆஸ்பத்திரி வேலை வேண்டாமென்று போனில் சொன்னான். சிமென்ட் பூசுகிற கரணையையும் ரப்பர் சுத்தியலையும் பையில் போட்டான். வேறு ஊரில் வேலை தேடப் போகிறானாம்.

"என்னங்க, ஒரு வாய் சாப்பிட்டாவது போங்க" என்று மருமகள் குறுக்கே நின்றாள். அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு என்னிடம் வந்தான். "மாத்திரையை மறக்காம போட்டுக்கம்மா."

தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "எங்க போனாலும் ஊர்வாய் இருக்கும்டா" என்றேன். தலையை ஆட்டினான். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனான்.