திருவட்டாற்றில் ஒரு வெந்நீர்த் தொட்டி

அக்கா வீட்டுக்கு வெந்நீர்த் தொட்டி வந்தது 2011 மார்ச் 25, வெள்ளிக்கிழமை. எதற்கும் தேதி குறித்துவைப்பது என் பழக்கம் என்பதால் இது நினைவில் நிற்கிறது. அத்தான் வளைகுடாவில் பணக்காரர்கள் குடியிருப்பு ஒன்றில் எலெக்ட்ரீஷியனாக இருந்தார். அங்கே ஒரு வீட்டை இடித்தபோது வேண்டாமென்று ஒதுக்கிய தொட்டியை வாங்கித் தன் சாமான்களோடு கப்பலில் அனுப்பிவிட்டு, பின்னாலேயே விடுமுறையில் வந்து சேர்ந்தார். நான்கு பேர் உட்காரலாம். பக்கவாட்டுத் துளைகளிலிருந்து சூடான நீர் முதுகிலும் இடுப்பிலும் பீய்ச்சி அடிக்கும்.

பார்க்க வந்த அடுத்த வீட்டுக்காரர் அதை ஒருமுறை சுற்றி வந்தார். "கொள்ளாம். மாடு எப்ப வாங்கப் போறிய?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

தொட்டி வந்ததற்குக் காரணம் அக்காவின் இடுப்பு. முந்தைய ஐப்பசி மழையில் பாசி படிந்த படியில் வழுக்கி விழுந்திருந்தாள். எலும்பு முறியவில்லை, வலி மட்டும் போகவில்லை. அவள் பள்ளி ஆசிரியை. ஒரு பீரியடு முழுக்க நிற்க முடியாமல் நீண்ட விடுப்பில் இருந்தாள். டாக்டர் மாத்திரை கொடுத்து, சூடான தண்ணீரில் இடுப்பை வைக்கச் சொன்னார். வர்ம ஆசான் ஒரு தைலம் காய்ச்சிக் கொடுத்தார். ஜூனில் பள்ளி திறக்கும்போதும் நிற்க முடியாவிட்டால் வேலையை விட்டுவிடுவது என்று அக்கா முடிவு செய்திருந்தாள். இதை அவள் வருத்தமாகச் சொல்லவில்லை. மீன் வாங்கவில்லை என்பதைப் போலச் சொன்னாள். அதனால்தான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

அத்தான் மின்சார வேலையில் கெட்டி. ஒரே நாளில் தொட்டியை ஓடவைத்துவிட்டார். தண்ணீரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கிணற்றுக்குப் போடுவதுபோல ஒரு கை பிளீச்சிங் பவுடரைத் தூவினார். நாங்கள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது தொட்டி முழுக்கப் பால் விடாத கட்டன்சாயா நிறம். எங்கள் பக்கத்தில் தண்ணீரை வெள்ளம் என்போம்.

"ஏலே, காலைல கண்ணாடி மாதிரி கிடந்த வெள்ளம்லா இது?" என்றார் அத்தான்.

"செம்மண் கிணறு அத்தான். உள்ள இரும்பு கரைஞ்சு கிடக்கும். குளோரின் பட்டதும் துருவா வெளிய வருது."

இதையெல்லாம் நான் அந்த வாரம்தான் படித்திருந்தேன். தக்கலையில் அலுவலகம் முடிந்ததும் இன்டர்நெட் மையத்தில் உட்கார்ந்து படிப்பேன்; சனிக்கிழமை பஸ் ஏறி திருவட்டாறு போவேன். இரண்டாவது முறை, மாடியிலிருந்த பிளாஸ்டிக் டாங்கிலேயே பவுடரைக் கலந்து, துரு அடியில் தங்கிய பிறகு மேலாகத் தெளிந்ததை மட்டும் குழாய் வைத்து இறக்கினோம். நாகர்கோவிலில் வளர்ப்பு மீன் விற்கும் கடையில் தண்ணீர் சோதிக்கும் சொட்டு மருந்து கிடைத்தது. சிறு குப்பியில் தண்ணீர் பிடித்துச் சிவப்புச் சொட்டு விட்டால் சிவப்புக் கொய்யாப்பழத்தின் உள்நிறம் வர வேண்டும். எங்களுடையது எலுமிச்சை மஞ்சளாக நின்றது. எங்கள் ஊர்க் கிணற்று நீர் இயல்பிலேயே புளிப்புப் பக்கம் சாய்ந்தது. குடிக்க நல்ல ருசி. ஆனால் ஹீட்டரின் செம்பை அரித்துவிடும்.

அதற்கு மருந்து அடுக்களையிலேயே இருந்தது. ஆப்பசோடாவை வாளியில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன்.

"மாவு புளிச்சா சொல்லு மக்கா, தோசைக்கல்லு போடுதேன்" என்றாள் அக்கா.

நிறம் வந்தது. ஆனால் நீர் பீய்ச்சி அடிக்க அடிக்க அளவு எதிர்ப்பக்கம், காரத்துக்கு ஏறியது. ரப்பர் பாலை உறையவைக்கும் ஆசிட் வீட்டில் இருக்கிறதே, அதில் ஒரு மூடி விட்டால் என்ன என்று அத்தான் கேட்டார்.

"அக்காவ ரப்பர் ஷீட்டா அடிச்சு வெயில்ல காயப்போடணுமா?" என்றேன். சோடாவைக் குறைத்துப் போட்டுப் பழகியதும் அதுவும் சரியானது.

அப்புறம்தான் உண்மையான தொல்லை தொடங்கியது. நான் சனிக்கிழமை சரிசெய்துவிட்டு வருவேன். புதனுக்குள் தண்ணீர் அரிசி களைந்த நீராகிவிடும். மோட்டாரை ஓட்டினால் நுரை பொங்கித் தரையில் வழியும். போட்ட குளோரின் போன இடம் தெரியாது. கிணற்றைக் குறை சொன்னோம், சோடாவைச் சொன்னோம், அத்தானின் சோப்பைச் சொன்னோம். கலங்கிய நீரில் இறங்கி அக்காவுக்குக் கையெல்லாம் சொறிந்தது. இறங்காத நாட்களில் இடுப்பு பிடித்துக்கொண்டது. மே பாதி கடந்திருந்தது. அத்தான் திரும்பிப் போகும் நாளும் நெருங்கியது.

"நான் போவதுக்குள்ள வெள்ளம் தெளியல்லேன்னா கரண்டைக் கழற்றிட்டு இதில திலாப்பியா மீன் விடப்போறேன்" என்றார்.

அடுத்த வாரம் அலுவலகத்துக்கு லீவு போட்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போனேன். பின்வாசலில் தைல வாசனை ஆளைத் தூக்கியது. அக்கா கழுத்திலிருந்து கணுக்கால்வரை எண்ணெய் பளபளக்க, பழைய நைட்டியோடு தொட்டியில் கால் வைக்கப் போனாள்.

"அக்கா, நில்லு. தைலம் தேச்சுட்டா இறங்குத?"

"பின்ன? எண்ணெய் தேய்க்காம யாராவது சூடு வெள்ளத்தில இறங்குவாளா?"

"தினமுமா?"

"ஆசான் தினம்தான் சொன்னாரு. தேச்சு ஊறவச்சு, பின்ன சூடு வெள்ளம்."

அத்தான் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நுரையைத் துப்பினார். "ஏட்டி, இத நீ ஒருநாளும் சொல்லல்லியே?"

"நீங்க கேட்டியளா? நான் சோறுதான் திங்குதேன்னும் ஒங்ககிட்ட சொல்லல்ல."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் படித்த பக்கங்களை எழுதியவர்கள் எண்ணெய்க்குளியல் அறியாதவர்கள். அதை அறிந்த நாங்களோ, கேட்கவேண்டிய விஷயமாகவே அதை நினைக்கவில்லை. குளோரின் முழுவதும் தைலத்தோடு மல்லுக்கட்டித் தீர்ந்துபோயிருந்தது. வடிகட்டியைக் கழற்றினோம். மடிப்பு மடிப்பாகப் பச்சைக் களிம்பு.

தைலத்தை விட அக்கா சம்மதிக்கவில்லை. ஆசானிடம் போய்க் கேட்டேன். எண்ணெய் ஊறுவதுதான் முக்கியம், ஊறிய பிறகு கழுவினால் குற்றமில்லை என்றார். அன்றுமுதல் அக்கா தைலம் தேய்த்து, காலை வானொலிச் செய்திகள் முடியும்வரை இருந்து, கிணற்றடியில் பயறுமாவு போட்டுக் குளித்துவிட்டுத்தான் தொட்டியில் இறங்கினாள். பழைய தண்ணீரை வாழைக்குப் போகாமல் தெருவோரம் விட்டு, புதிதாக நிரப்பினோம். சனிக்கிழமை பார்த்தேன், தெளிந்திருந்தது. அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. அத்தான் மீனைப் பற்றிப் பேசாமல் விமானம் ஏறினார்.

பள்ளி திறந்த அன்று நல்ல மழை. மாலையில் போனபோது அக்கா சேலையில் சாக்பீஸ் தூளோடு பின்கட்டில் நின்றிருந்தாள்.

"நின்னியா?"

"நின்னேன். கடைசி பீரியடு கொஞ்சம் நாற்காலியில இருந்தேன். அது இடுப்புக்கு இல்ல, வயசுக்கு."

அவள் தைலக் குப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் தொட்டியிலிருந்து சோதனைக் குப்பியில் தண்ணீர் பிடித்துச் சிவப்புச் சொட்டு விட்டேன். கொய்யா நிறம். அப்போது போன் அடித்தது. அத்தான். அக்கா எண்ணெய்க் கையோடு வந்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

"வெள்ளம் எப்படி இருக்கு?" என்றுதான் அவர் முதலில் கேட்டார்.

அக்கா தொட்டியை எட்டிப் பார்த்தாள். "அடி தெரியுது" என்றாள்.