கண்ணாடியின் நடுவே என் பல்செட்டு

சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், ஒரு மலையுச்சியில் பெரிய தொலைநோக்கி ஒன்றைக் கட்டுகிறோம். அதன் கண்ணாடி எட்டு மீட்டர் அகலம். தேய்த்து மெருகேற்றவே மூன்று வருஷமானது. அதன்மேல் ஒரு திருகாணிகூட விழாமல் காப்பது எர்மிந்தோவாகிய என் வேலை. கண்ணாடிக்கு மேலே குறுக்காகப் போகும் நடைபாலத்தில் ஏறுபவர் யாராக இருந்தாலும் ஸ்பேனர் முதல் மூக்குக்கண்ணாடி வரை எல்லாவற்றையும் கயிறு போட்டு உடம்போடு கட்டிக்கொள்ள வேண்டும். கிரேன் ஓட்டும் யாஸ்னாவின் கல்யாண மோதிரத்தையே கழற்ற வைத்தவன் நான்.

போன மாதம் பாலத்தில் நின்றபடி, "எவன்டா அது, பாக்கெட்ல பேனாவோட வர்றவன்?" என்று கத்தினேன். கத்திய வேகத்தில் என் மேல்வரிசைப் பல்செட்டு பறந்துபோய்க் கண்ணாடிமேல் விழுந்தது. கண்ணாடியோ கிண்ணம்போல உட்குழிந்த வடிவம் கொண்டது. பல்செட்டு நிதானமாக வழுக்கிப்போய் நட்டநடுவில் உட்கார்ந்து, எல்லோரையும் பார்த்து இளித்தது.

கண்ணாடிமேல் கால் வைக்க முடியாது. கிரேனில் ஓர் ஆளைத் தொங்கவிட்டு அதை எடுக்க நான்கு மணி நேரம் ஆனது. நல்லவேளை, கீறல் இல்லை.

"மேஸ்திரி, அதுக்குக் கயிறு கட்டலையா?" என்றாள் யாஸ்னா.

விதிப் பலகையில் கடைசி வரியை நானே எழுதினேன்: 'பல்செட்டைக் கழற்றிவிட்டு ஏறவும்.'

இப்போதும் பாலத்தடியில் நின்று எல்லோரையும் அதட்டத்தான் செய்கிறேன், பொக்கை வாயோடு. ஒருவருக்கும் ஒரு சொல் புரிவதில்லை. யாஸ்னா மட்டும் மோதிரத்தைக் கழற்றி என் கையில் வைத்து, கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஏறுகிறாள்.