நல்ல கண்ணுக்குத் தைத்த மூடி

ரவிக்கைக்குக் கொக்கி வைப்பது, புடவைக்கு ஓரம் அடிப்பது, இதுதான் நாற்பது வருஷமாக என் வேலை. தி.நகர் கடைக்காரர்கள் என் தையலைப் புரட்டிப் பார்க்காமலே வாங்கிக்கொள்வார்கள். சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

மயிலாப்பூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரிக்கு ஆறு வயதில் ஒரு மகள். பிள்ளைக்கு வலது கண்ணில் புரை. ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்து, மூக்குக் கண்ணாடியும் போட்டார்கள். அதோடு முடிந்தது என்று இருந்தோம். டாக்டரம்மா வேறு மாதிரி சொன்னார். இத்தனை நாள் பார்க்காத கண் பார்க்கப் பழகணுமாம், அதற்குத் தினமும் நாலு மணி நேரம் நல்ல கண்ணை மூடி வைக்கணுமாம். பிள்ளையின் அம்மா அடையாற்றுக்கு வீட்டு வேலைக்குப் போகிறவள். பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளை என்னோடுதான். மூடுகிற பொறுப்பும் என்னுடையது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த ஒட்டுப் பட்டி தோலைச் சிவக்க வைத்தது. பிய்க்கும்போதெல்லாம் அழுகை. எனக்கா தைக்கத் தெரியாது? மிச்சம் விழுந்த ரவிக்கைத் துணியில், மூக்குக் கண்ணாடிக்குள் கச்சிதமாக நிற்கிற மாதிரி மூடி தைத்தேன். பிள்ளைக்கு வேர்க்கக் கூடாதென்று உள்துணி வைக்காமல் ஒற்றையாகவே விட்டேன். சிவப்பில் ஒன்று, மஞ்சளில் ஒன்று.

பட்டி ஒட்டினால் சுவரைத் தடவிக்கொண்டு போன பிள்ளை, என் மூடியைப் போட்ட நாளிலிருந்து ஓடியது. ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது. "யக்கா, உன் கை ராசி" என்றாள் அவள் அம்மா. தெரு முழுக்க நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனை. அவள் அம்மாவும் நானும் கூட்டிப்போனோம். டாக்டரம்மா நல்ல கண்ணைக் கறுப்பு அட்டையால் மறைத்தார். பிள்ளை மேலே இருந்த பெரிய எழுத்தைக்கூடச் சொல்லவில்லை.

"இன்னாடி, நேத்துகூட ஊசி கோத்தியே" என்றேன். பிள்ளை என் கையிலிருந்த மூடியைப் பார்த்தது.

டாக்டரம்மா என் சிவப்பு மூடியை வாங்கித் தன் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "நீங்களே பாருங்கம்மா."

மூடியை ஒரு கண்ணில் வைத்து, மறு கண்ணை இறுக்கிக்கொண்டு பார்த்தேன். சுவரில் ஒரு பலகை. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். அந்தத் துணி வழியாகவே கூட்டிப் படித்தேன். அமைதி காக்கவும். மூன்று மாதமும் பிள்ளை நல்ல கண்ணால்தான் பார்த்திருக்கிறது.

"ஏண்டி சொல்லல?"

"நீ கேக்கல பெரிம்மா. எல்லாம் செவப்பா தெரிஞ்சிது. நல்லாதான் இருந்துச்சி."

"வயசு ஏறிட்டா அந்தக் கண்ணு கத்துக்காதும்மா" என்றார் டாக்டரம்மா. "இன்னும் நேரம் இருக்கு. ஆனா இனிமே ஒரு நாள்கூட வீணாகக் கூடாது."

பஸ்ஸில் அவள் அம்மா பிள்ளையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை. இறங்கும்போது, "தப்பு என்னுது" என்றேன். அந்த மாதிரி நான் யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்ததும் கறுப்புத் துணியை நாலாக மடித்துத் தைத்தேன். முதலில் என் கண்ணில் வைத்து டியூப் லைட்டைப் பார்த்தேன். இருட்டு. மறு கண்ணிலும் வைத்துப் பார்த்தேன். அப்புறம்தான் பிள்ளைக்குப் போட்டேன்.

"எடு பெரிம்மா, ஒண்ணுமே தெரில."

பெரிய நூல்கண்டு ஒன்றை உருட்டிவிட்டு, எடுத்துக்கினு வா என்றேன். ரொம்ப நேரம் தரையைத் தடவியது. எடுத்துக் கொடுக்க நான் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.