நாணலுக்குள் இரண்டு விசில்

என் மாமாவுக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. இப்போது தொடையில் கம்பி வைத்துக்கொண்டு, ஆற்றங்கரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பறவை பார்க்கிறார். அத்தை என்னைக் காவலுக்கு அனுப்புவாள். பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டதால் நான் எந்நேரமும் தயார்.

"நாரையப் பாருடா, ஒத்தக் கால்லயே நிக்குது."

"நீங்களுந்தான் நிக்கறீங்க. உங்கள யாரு பாக்கறா?"

சிரித்தார். அது அபூர்வம்.

எதிர்க்கரையில், பாதி கட்டிய கட்டடத்தில்தான் விழுந்தார். லிஃப்ட் கூண்டின் தலையில் கால் வைக்கும் முன் மாமா ஒரு விசில் அடிப்பார். மேலே மோட்டார் அறையில் இருக்கும் கூட்டாளி, கரண்ட்டை நிறுத்திவிட்டு இரண்டு விசில் அடிப்பார். அன்று இரண்டு விசில் கேட்டதென்று மாமா கால் வைத்தார். கூண்டு ஓடிக்கொண்டிருந்தது. கூட்டாளி, தான் விசிலே அடிக்கவில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அதற்குப் பிறகு வீட்டுப் பக்கம் வரவில்லை.

"அவன் பொய் சொல்ல மாட்டான்டா. அப்ப என் காதுதான் பொய். இந்தக் காத நம்பி இனி எப்படி லிஃப்ட் குழிக்குள்ள எறங்குவேன்?"

ஒரு காலை, ஆறே தெரியாத பனி. திடீரென்று பறவைகள் மொத்தமும் வாயை மூடிக்கொண்டன. நாணலுக்குள்ளிருந்து இரண்டு விசில். இரண்டாவது, கூட்டாளியின் ஓட்டைப் பல்லில் சீறுவது போலவே சீறியது.

மாமா எழுந்தார். கைத்தடி கீழே கிடந்தது. தண்ணீரை நோக்கி, தூக்கத்தில் நடப்பவர் போல, ஒரு கால் வைத்தார். செருப்பு நனைந்தது. சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"நீயாடா அடிச்ச?"

வீட்டில் எது நடந்தாலும் பழி எனக்குத்தான். வாயைத் திறந்து காட்டினேன். நிறைய வாழைப்பழம்.

பனி மெல்ல விலகியது. மறுபடி இரண்டு விசில். நாணல் அசைந்து ஒரு மைனா கிளம்பியது. ஆற்றைக் கடந்து, அந்தக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் குழியின் திறந்த வாய்க்குள் போய்விட்டது.

மாமா கூட்டாளிக்குப் போன் போட்டார். அவர் வந்து, மைனா திரும்பி வந்து விசில் அடிக்கும்வரை நின்று கேட்டார். அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

"என் விசிலுடா அது..."

"நீ அடிக்கல. எனக்கும் தப்பா கேக்கல. எழுந்திரு, பேன்ட் போச்சு."

அன்றிலிருந்து கூட்டாளி தினமும் வந்தார். பாலத்திலிருந்தே மாமாவை "டேய் ஒல்லி!" என்று கத்திக் கூப்பிட்டுக்கொண்டு வருவார். இனி வேலையில் விசில் வேண்டாம், குரல் கொடுத்தால் போதும் என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

மாமா வேலைக்குத் திரும்புவதற்கு முந்தின காலை. மறுபடி பனி. கூட்டாளி எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

நாணலுக்குள்ளிருந்து அவருடைய குரல் கூப்பிட்டது. "டேய் ஒல்லி!"

மாமா அசையவில்லை. என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடி கூட்டாளியிடம் சொன்னார்.

"குரலும் வேணாம். நீயே எறங்கி வந்து மூஞ்சியக் காட்டு. அப்புறந்தான் கால் வைப்பேன்."

வலித்தது. கையை எடுங்கள் என்று நான் சொல்லவில்லை.